நிறை குறைக்க எதைப் பிடித்துத் தொடங்குவது? றிப்போட், விரதம், நடைச் சோடி, ஜிம், தராசு: ஓர் ஒப்பீடு

நிறை குறைக்கும் முயற்சி பெரும்பாலும் மூன்று இடங்களில் அறுந்துபோகிறது. சிலருக்கு அது தொடங்குவதே இல்லை. "பொங்கல் முடியட்டும்", "நல்லூர்த் திருவிழா முடியட்டும்" என்று தள்ளித் தள்ளி வருடம் போய்விடும். சிலர் உற்சாகமாகத் தொடங்கி மூன்றாம் நான்காம் கிழமையில் விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் ஆறேழு கிலோவைக் குறைத்தும் காட்டுவார்கள். அடுத்த வருடம் அதே சட்டை மறுபடி வயிற்றில் இறுகும்.

இந்த மூவருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்வதுதான் வழக்கமான பிழை. இரத்தப் பரிசோதனை றிப்போட், கல்யாண நாள், விரதம், கூட நடக்க வரும் ஆள் (நடைச் சோடி), ஜிம்முக்குக் கட்டிய காசு, பந்தயம், தராசு, கைத்தொலைபேசி என்று ஊக்கம் தரும் வழிகள் பல. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் நன்றாக இழுக்கும், வேறொரு கட்டத்தில் கைவிட்டுவிடும். ஆகவே தேர்வதற்கு முன் முந்திய முயற்சிகள் எந்த இடத்தில் நின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பெரிய இலக்குத்தான் பலரைத் தொடங்கவிடாமல் செய்கிறது. ஆசிய உடல்வாகுக்கு உடற்திணிவுச் சுட்டி (பி.எம்.ஐ: கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் பிரித்த எண்) 23ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் வரையறுத்தது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது ஏறக்குறைய 63 கிலோவும் 75 கிலோவும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உள்ளே இருப்பது நல்லது. ஆனால் 80 கிலோ உள்ளவர் நேராக 63ஐ நோக்கி ஓட வேண்டியதில்லை. உடல் நிறையில் 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைந்தாலே பிறசரிலும் இரத்தச் சீனியிலும் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 7 சதவீத நிறைக் குறைப்பையும் கிழமைக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. கிழமைக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில் போனால் 4 கிலோவுக்கு இரண்டு மாதம் போதும்.

தொடங்கவே முடியாதவருக்கு

இங்கே மூன்று வழிகளை ஒப்பிடலாம்: வைத்தியப் பரிசோதனை, கல்யாணம் போன்ற ஒரு நாள், விரதம்.

பரிசோதனை மலிவானது, வேகமாக அசைக்கக்கூடியது. அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் தொற்றா நோய்ப் பரிசோதனைப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போனால் நிறை, இடுப்பு, பிறசர், இரத்தச் சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். வெறும் வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கும் 125 மில்லிகிராமுக்கும் இடையில் இருந்தால் இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கே பாற்தேத்தண்ணியை விட்டவர்கள் உண்டு. பயத்தால் வந்த ஊக்கம் கூடினால் ஒரு மாதம் இழுக்கும். அதற்குள் உடம்பில் நோவோ காய்ச்சலோ இல்லாததால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கும். இதைத் தடுக்க ஒரு நல்ல வழி உண்டு. எச்.பி.ஏ.1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். முதல் சோதனை செய்த அன்றே மூன்று மாதம் கழித்துச் செய்ய வேண்டிய அடுத்த சோதனையின் திகதியைக் கலண்டரில் எழுதிவிட்டால், பயம் கரைந்த பிறகும் நாள் ஒன்று முன்னால் நிற்கும்.

கல்யாணத்துக்காக, வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்பதற்காகக் குறைப்பது மூன்றிலும் பலவீனமானது. நாள் கிட்டவாக இருப்பதால் பட்டினி கிடக்கத் தோன்றும். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பல கிழமை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து கூடுகிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது. கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்த மறுநாள் ஊக்கமும் முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மட்டும் இதை நம்பலாம்.

விரதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிறை குறைப்போர் கையில் இருந்தும் பயன்படுத்தாத பெரிய வசதி அது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. கேதாரகௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி 6 நாள். கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம், முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதம். இந்த நாட்களில் "ஏன் சாப்பிடவில்லை?" என்று ஒருவரும் கேட்பதில்லை, வீட்டுச் சமையலறையே மாறி நிற்கிறது, பக்கத்து வீட்டிலும் அதே கதை. ஒரு பழக்கத்தைத் தொடங்க இதைவிட நல்ல சூழல் கிடைக்காது.

ஆனால் மரக்கறிச் சாப்பாடு என்றால் குறைந்த சாப்பாடு என்று அர்த்தம் இல்லை. மீன் இல்லாத இடத்தை உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும் வடையும் பாயாசமும் பிடித்துக்கொள்ளும். ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் விரதத்தில் அந்த ஒரு நேரத்தில் கோப்பை மலைபோல நிறையும். மாலையில் கோயிலுக்குப் போய் வரும் வழியில் ஐஸ்கிரீம். 25 நாள் விரதம் இருந்தும் நிறை கூடியவர்கள் இப்படித்தான் கூடினார்கள். விரதத்தை ஊக்கமாகப் பிடிப்பவர் ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன், பொரித்தது கிழமைக்கு ஒரு தரம். விரதம் முடிந்து மீனும் இறைச்சியும் திரும்ப வந்தாலும் இந்த இரண்டும் போகக்கூடாது.

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் நேரம் தவறவிட்டு விரதம் இருக்கக்கூடாது. சீனி மிகக் குறைந்து நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வரலாம். வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து விரதத்தை முடித்துவிட வேண்டும்.

மூன்றாம் கிழமையில் விடுபவருக்கு: நடைச் சோடியா, ஜிம்மா?

அதிகம் பேர் அறுந்துபோவது இங்கேதான். காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. முதல் இரண்டு கிழமையில் தராசில் வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றாம் கிழமையில் அந்த இறக்கம் நின்று, உண்மையான கொழுப்புக் குறைவு மெல்ல மெல்லத்தான் தெரியும். பலன் கண்ணுக்குத் தெரியாத நேரமும் புதுமை போன நேரமும் ஒன்றாக வருகின்றன. ஒரு பழக்கம் தன்பாட்டில் நடக்கும் அளவுக்குப் பதிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று லண்டனில் பார்த்த ஆய்வொன்றில் நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று நம்பித் தொடங்குபவர் 22ஆம் நாள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறார். ஆகவே இரண்டு மூன்று மாதம் தாங்கக்கூடிய பிடி ஒன்று வேண்டும்.

எங்கள் கணிப்பில் அந்தப் பிடி நடைச் சோடி. காலை 5.30க்கு ஒருவர் உங்கள் படலையடியில் நிற்கிறார் என்றால், எழும்புவதா விடுவதா என்று மனதோடு வாதாட வேண்டியதில்லை. ஆனால் சோடி சரியாக அமைய வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து வைபர் குழு தொடங்கினால் எட்டுப் பேரும் மற்ற ஏழு பேர் போவார்கள் என்று படுத்துவிடுவார்கள். இரண்டு பேர், கூடினால் மூன்று பேர் போதும். வீடு கிட்ட இருக்க வேண்டும். நடை வேகம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கு உலாவலாகவும் மற்றவருக்கு ஓட்டமாகவும் முடியும். ஒருவர் வராத நாளில் மற்றவர் பதினைந்து நிமிடமாவது தனியே நடப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஒப்பந்தம் இல்லாததால்தான் ஒருவரின் காய்ச்சலோடு இரண்டு பேரின் நடையும் முடிந்துபோகிறது.

வேகத்துக்கு எளிய அளவுகோல்: கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு காலடி. முதல் கிழமை 15 நிமிடம், பிறகு கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி 30 முதல் 45 நிமிடம். செருப்போடு நடப்பவர்களுக்குக் குதிக்கால் நோ வந்து ஒரு மாதத்தில் நடை நின்றுவிடும். குதிப்பக்கம் தடிப்பான மூடிய சப்பாத்து அவசியம், இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் முடிப்பது நல்லது, ஆறே முக்காலுக்குப் பிறகு பாடசாலை வாகன நெரிசலும் வந்துவிடும். பண்ணைக் கடற்கரை, ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதை, நல்லூரைச் சூழ்ந்த வீதிகள் ஆகிய இடங்களில் வேறு ஆட்களும் நடப்பதால் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் துணை இருக்கும். ஒழுங்கைக்குள் தெருநாய்த் தொல்லை உண்மையான தடை. அதனால் நின்றுபோன நடைகள் ஏராளம். பாதையை மாற்றுங்கள், கையில் ஒரு தடி கொண்டுபோங்கள், நாயைக் கண்டால் ஓடாதீர்கள்.

நடை முடிந்து தேத்தண்ணிக் கடையில் கூடும் பழக்கம்தான் சோடியின் பெரிய கேடு. 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் விறுக்காக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 130 முதல் 150 கலோரி. ஒரு ரோல்ஸ், அல்லது ஒரு வடையும் சீனி போட்ட பாற்தேத்தண்ணியும், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். கதைக்க ஆசை என்றால் பிளேன்ரீயோடு கதையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை சோடியைப் பிரிக்கும் அடுத்த காரணம். அதற்கு முன்பே மாற்று ஒழுங்கு இருக்க வேண்டும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தரம், வாசற்படியில் ஏறி இறங்குவது இரண்டு நிமிடம். இதை நான்கு சுற்றுச் செய்தால் இருபது நிமிடம் போய்விடும். அதே 5.30க்கு அவரவர் வீட்டில் செய்து, முடிந்ததும் ஒரு செய்தி அனுப்பினால் சோடி குலையாது.

முழங்கால் நோ உள்ளவர்களுக்கு நடையைவிடச் சைக்கிள் நல்லது. மேடு பள்ளமில்லாத நிலம் இது, வீட்டுக்கு ஒரு சைக்கிளும் இருக்கும். மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரத்தில் சீற்றை வைக்க வேண்டும். சீற் பதிவாக இருந்தால் முழங்கால் நோ கூடும்.

ஜிம்மின் பலம் வேறு. மழையும் நாயும் அங்கே இல்லை. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி கிழமைக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது; அதைச் சரியாகப் பழகுவதற்கு ஜிம்மே சிறந்த இடம். நிறை குறையும்போது தசை கரையாமல் காப்பதும் அதுதான். ஆனால் ஊக்கத்துக்காக ஜிம்மில் சேர்வது, அதாவது காசு கட்டிவிட்டால் போகத்தானே வேண்டும் என்று எண்ணுவது, பெரும்பாலும் பலிப்பதில்லை. கட்டிய காசு முதல் கிழமைகளில்தான் உறுத்தும், பிறகு மறந்துவிடும். அதனால் வருடக் கட்டணத்தில் எவ்வளவு கழிவு தந்தாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவதே புத்தி. ஒவ்வொரு மாதமும் காசு எண்ணும்போது முடிவும் புதுப்பிக்கப்படும். சேர்வதற்கு முன் நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள்: கூட்டம் எப்படி, பழக்குபவர் புதியவர்களைக் கவனிக்கிறாரா, பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா. வேலையில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்தால் போவீர்கள். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றி மறுபடி வெளிக்கிட வேண்டிய தூரம் என்றால் அதிகம் போகமாட்டீர்கள்.

முதல் நாளே முழு மூச்சாகப் பாரம் தூக்கினால் அடுத்த இரண்டு மூன்று நாள் கையைத் தூக்கித் தலை இழுக்க முடியாது. அந்த நோ காயம் அல்ல, தானாக மாறிவிடும். ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் இரண்டு கிழமை "இன்னும் செய்யலாம்" என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். புதிதாகப் பயிற்சி செய்யும் தசை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் தராசில் ஒரு கிலோ கூடவும் கூடும். இது தெரியாமல் மனம் உடைய வேண்டாம்.

தராசு, பந்தயம், கைத்தொலைபேசி

பந்தயம் வேலை செய்யும், ஆனால் நிலைக்காது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் காசு கிடைக்கும், காசு போகும் என்ற ஏற்பாட்டில் இருந்தவர்கள் 16 கிழமையில் சராசரி 6 கிலோ குறைத்தார்கள். காசில்லாத குழு 2 கிலோவுக்கும் குறைவு. பிறகு காசு நின்றது, சில மாதங்களில் குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் பெருமளவு தேய்ந்துபோனது. நண்பர்களோடு பந்தயம் கட்டுபவர்கள் இதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைத்தொலைபேசியில் காலடி எண்ணுவது உதவும், குறிப்பாகக் கதிரையில் இருந்து வேலை செய்பவர்களுக்கு. 10,000 என்ற எண்ணுக்குப் பயப்பட வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து வந்தது. இப்போது நடப்பதைவிட 2,000 அடி கூட்டுவதே நல்ல முதல் இலக்கு.

தராசு இந்த மூன்றிலும் பெறுமதியானது. நிறையை ஒழுங்காகக் குறித்து வைப்பவர்கள் கூடுதலாகக் குறைக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காலையில் மலசலகூடம் போய் வந்து, தண்ணீர் குடிக்க முன், ஒரே மாதிரியான உடுப்போடு, சமனான சீமெந்து நிலத்தில் வைத்துப் பாருங்கள். பாயிலோ கம்பளத்திலோ வைத்தால் எண் பிழைக்கும். கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடி நிற்கும்; மாதவிடாய்க்கு முன்னும் அப்படியே. அது உடம்பு பிடித்து வைத்த தண்ணீர். ஒரு நாளின் எண்ணைப் பார்த்துச் சந்தோசப்படவோ அழவோ வேண்டாம். ஒரு கிழமைச் சராசரியை முந்திய கிழமையோடு ஒப்பிடுங்கள். எண்ணைப் பார்த்தவுடன் சாப்பாட்டையே வெறுக்கும் சுபாவம் உள்ளவர்கள், முன்பு சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர்கள், தராசை விட்டுத் தையல் நாடாவுக்கு மாறட்டும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் நுனிக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு, இரண்டு கிழமைக்கு ஒருக்கால்.

எதைத் தேர்ந்தாலும் சமையலறை கூட வர வேண்டும்

நடையால் மட்டும் நிறை அதிகம் இறங்காது. எங்கள் வீடுகளில் ஒருவர் சமைக்க எல்லோரும் சாப்பிடுகிறோம், ஆகவே தனியாள் ஊக்கம் சமையலறை வாசலில் நின்றுவிடுகிறது. சமைப்பவரோடு பேசி மூன்று மாற்றம் செய்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் ஏறக்குறைய 180 கலோரி. அதைக் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். மத்தியானச் சோற்றில் ஒரு கப் குறைத்தால் இன்னொரு 200 கலோரி. அந்த இடத்தில் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, புடலங்காய், மீன் அல்லது பருப்பு வரட்டும்; வெறுமையாக விட்டால் நாலு மணிக்குப் பணிஸைத் தேடுவீர்கள். மூன்றாவது தேங்காய்: துருவிய பூ 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. புட்டுக்கும் சொதிக்கும் சம்பலுக்கும் ஒரே வேளையில் தேங்காய் போகாமல் ஏதாவது ஒன்றில் குறையுங்கள்.

குரக்கன் புட்டும் குத்தரிசிச் சோறும் நல்லவை, நார்ச்சத்து கூட. ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. "இது குரக்கன்தானே" என்று இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் நிறை குறையாது.

போகும் வீடுகளில் மறுப்பது கஷ்டம், அவர்கள் குறை நினைப்பார்கள். வேண்டாம் என்று சொல்வதைவிடக் கேட்டு வாங்குவது எளிது: "அன்ரி, எனக்குச் சீனி போடாமல் பிளேன்ரீ தாங்கோ" என்று அவர் அடுப்படிக்குப் போக முன்பே சொல்லிவிடுங்கள்.

குறைத்த பிறகு திரும்பக் கூடுபவருக்கு

ஆறு மாதமளவில் எல்லோருக்கும் தராசு நிற்கும். பாரம் குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு, பசியோ முன்பைவிடக் கூட. இங்கே றிப்போட், பந்தயம், கல்யாண நாள் ஒன்றும் உதவாது. அமெரிக்காவில் 1994இல் நிறையைக் குறைத்து நிலைநிறுத்தியவர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் உள்ளவர்களிடம் பொதுவாகக் காணப்படுபவை: நாளுக்கு ஒரு மணி நேரமளவு உடலசைவு, ஒழுங்காக நிறை பார்ப்பது, கிழமை நாளிலும் விடுமுறையிலும் ஒரே மாதிரிச் சாப்பிடுவது.

ஆகவே இவருக்குப் பொருத்தம் தராசும் சோடியும் சேர்ந்தது. அடைந்த நிறையைச் சுவரில் எழுதி, அதற்கு மேல் 2 கிலோவை எல்லைக் கோடாக வையுங்கள். கிழமைச் சராசரி கோட்டைத் தொட்டால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே தேத்தண்ணிச் சீனியையும் சோற்றுக் கப்பையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். 2 கிலோவைத் திருப்ப ஒரு மாதம் போதும், 8 கிலோவுக்கு நான்கு மாதமாவது வேண்டும். பிறசருக்கோ சீனிக்கோ குளிசை எடுப்பவர்கள், நிறை 5 சதவீதம் இறங்கியதும் கிளினிக் திகதி வரை காத்திராமல் வைத்தியரைக் காணுங்கள். பழைய நிறைக்குத் தந்த மருந்தளவு இப்போது கூடிப்போயிருக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.